நான்கு பேட்சுக்கு ஒரு கடிதம்: எழுதி எங்கே வைப்பது?

என் சித்தப்பா மகள் பதுளையில், ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காக ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் மேல் தளத்தில், கொழுந்து வாட்டும் இடத்தில், ஈரப்பதன் அளக்கும் சென்சார்களைப் பொருத்தி ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியோடு இணைத்திருந்தாள். வாட்டம் பிசகினால் அடுத்து வரும் அரைப்பு, புளிப்பு எல்லாம் கெட்டுப்போகும். அதனால் அளவீடு விடாமல் வரவேண்டும். ஆனால் இரவில் ஒரு மணி நேரம் எண் அசையாமல் நிற்கும், பிறகு திடீரென்று தாவும். இரண்டு வாரம் சென்சாரைத் திட்டிய பிறகுதான், கோளாறு சென்சாரில் இல்லை, லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கர்னலில், சென்சாரோடு பேசுவதற்காக உள்ள டிரைவர் நிரலில் என்று கண்டுபிடித்தாள். அதைத் திருத்தப்போய் நான்கு பேட்சுகள், அதாவது கர்னலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்ப வேண்டிய நான்கு குறியீட்டுத் திருத்தங்கள், சேர்ந்துவிட்டன.

"அண்ணே, நாலையும் மெயில்ல அனுப்பணும்னு தெரியும். ஆனா முன்னால ஒரு கவர் லெட்டர் போகணுமாமே. அது கட்டாயமா? அத எதுல எழுதுறது?"

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. ஒரே ஒரு பேட்ச் என்றால் தனிக் கடிதம் வேண்டாம். இரண்டோ அதற்கு மேலோ என்றால் எழுது. கட்டாயமா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். பல பேட்சுகள் உள்ள எந்தத் தொடருக்கும் கவர் லெட்டர் வேண்டும், தனிப் பேட்சுக்கு விருப்பம்போல் என்று க்யூஎமு என்ற திறந்தமூலத் திட்டம் தன் வழிகாட்டியில் எழுதியே வைத்திருக்கிறது. கர்னலின் நெட்வொர்க் பிரிவிலும் தொடர் என்றால் எதிர்பார்ப்பார்கள். அங்கே ஒரு தொடரில் 15 பேட்சுக்கு மேல் அனுப்பக் கூடாது என்பதும் விதி. கட்டாயம் இல்லாத இடத்திலும் நான்கு பேட்சை மொட்டையாக அனுப்புவது மொட்டைக் கடுதாசி மாதிரிதான். பிரிப்பார்கள், யார், எதற்கு என்று புரியாது, ஓரமாக வைப்பார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எந்த வீட்டுக்கும் தனி முகவரி கிடையாது. பெயர், டிவிஷன், தோட்டம், ஊர், அவ்வளவுதான். கடிதமெல்லாம் தோட்ட ஒஃபிசுக்கு வந்து குவியும். அங்கிருந்து யாராவது எடுத்து வந்து பெயரைக் கூப்பிடுவார்கள். ஒரே டிவிஷனில் மூன்று மாரியம்மா இருந்தால் கடிதம் மூன்று வீடு சுற்றும். என் பாட்டி அதற்காகவே உறையின் மூலையில் 'மேல் லயம், கங்காணி வீட்டுப் பக்கம்' என்று எழுதச் சொல்வார். திறந்தமூலத் திட்டத்துக்கு வரும் பேட்சும் அப்படிக் குவியலில்தான் விழுகிறது. தலைப்பு வரியில் எந்தப் பிரிவு, எந்த டிரைவர் என்று இருந்தால்தான் உரிய ஆள் கையை நீட்டி எடுப்பார். அதில் 'பேட்ச் 0/4' என்று நிற்கும் பூச்சியமாவது மெயில்தான் கவர் லெட்டர். மற்ற நான்கும் அதற்குப் பதில்களாக, அதன் கீழே வரிசையாகத் தொங்கும்.

சரி, இரண்டாவது கேள்வி. இதற்குத்தான் ஒப்பிட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வழிகள் ஐந்தாறு இருக்கின்றன.

இவற்றை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக எத்தனை கட்டளை அடிக்க வேண்டும், நிறுவுவது எளிதா என்று பார்ப்பார்கள். நான் கேட்கும் கேள்வி வேறு: முதல் தடவை அனுப்பிய பிறகு அந்தக் கடிதம் எங்கே இருக்கும்? முதல் தடவையிலேயே ஏற்றுக்கொள்ளப்படும் தொடர் அபூர்வம். வி2 என்று இரண்டாம் வடிவம் போகும், வி3 என்று மூன்றாவது போகும். ஒவ்வொரு முறையும் அதே கடிதம் கொஞ்சம் திருத்தத்தோடும், 'சென்ற முறைக்குப் பிறகு மாறியவை' என்ற பகுதியோடும் போகவேண்டும். இடையில் வாரக்கணக்கில் நாள் ஓடும். கர்னல் வழிகாட்டியே, பதில் வராவிட்டால் குறைந்தது ஒரு வாரம் பொறு என்கிறது. அந்த நாட்களில் நம் பக்கத்தில் என்னென்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் சாயங்காலம் இடி இடித்தால் ரவுட்டரைக் கழற்றி வைக்கிற ஊர் இது. ஒரு லெப்டொப்பை அக்காவும் தம்பியும் பங்குபோடுகிற வீடுகள்தான் அதிகம்.

மூன்று கோட்டுக்குக் கீழே

மிக எளிய வழி கவர் லெட்டரே எழுதாதது. குறியீட்டின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் ஃபார்மட்-பேட்ச் கட்டளை, கமிட் எனப்படும் பதிவுசெய்த மாற்றம் ஒவ்வொன்றையும் ஒரு மெயில் கோப்பாக்கும். மேலே கமிட் செய்தி, அடுத்து மூன்று சிறு கோடுகள் மட்டும் உள்ள ஒரு வரி, அதற்குக் கீழே மாறிய கோப்புகளின் கணக்கு, அப்புறம் மாற்றங்கள். அந்த மூன்று கோட்டுக்கும் மாற்றங்களுக்கும் நடுவில் நீங்கள் எழுதுவதைப் படிக்கிறவர் பார்ப்பார். பேட்சை ஏற்றும்போது கிட் அதை உதிர்த்துவிடும். "ராஸ்பெரி பை 4இல் சோதித்தேன்", "வி2: எழுத்துப்பிழை திருத்தினேன்" போன்ற, வரலாற்றில் நிற்கத் தேவையில்லாத பேச்சுக்கு அதுதான் இடம்.

தனிப் பேட்சுக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. கோப்பில் கையால் எழுதினால் அடுத்த முறை அது இருக்காது என்பதுதான் சிக்கல். கமிட்டோடு குறிப்பை ஒட்டிவைக்கும் கிட் நோட்ஸில் எழுதி வைக்கலாம். ஆனால் கமிட்டைத் திருத்தினாலோ, வேறு அடித்தளத்தின் மேல் அடுக்கும் ரீபேஸ் செய்தாலோ, அமைப்பில் தனியாகச் சொல்லி வைக்காதவரை, நோட்ஸ் பழைய கமிட்டோடு நின்றுவிடும். நான் செய்வது இன்னும் சோம்பேறித்தனமானது. கமிட் செய்தியின் கடைசியிலேயே மூன்று கோட்டைப் போட்டு அதற்குக் கீழே குறிப்பை எழுதிவிடுவேன். கமிட் எங்கே போனாலும் குறிப்பும் கூடப் போகும். ஏற்றுகிறவரிடம் கோட்டோடு சேர்ந்து காணாமல் போகும்.

நான்கு பேட்சுக்கு இது உதவாது. நான்கையும் கட்டுகிற கயிற்றை முதல் பேட்சின் இடுப்பில் மட்டும் கட்டிவிட்ட மாதிரி ஆகும்.

கிட் தருகிற கோப்பு

ஃபார்மட்-பேட்ச் கட்டளையோடு கவர்-லெட்டர் என்ற விருப்பத்தைச் சேர்த்தால், பேட்சுகளுக்கு முன்னால் 0000 என்று தொடங்கும் ஒரு கோப்பு பிறக்கும். தலைப்பு இங்கே, உரை இங்கே என்று நட்சத்திரக் குறிகளுக்குள் இரண்டு இடம் காலியாக இருக்கும். கீழே பேட்சுகளின் பட்டியலையும் மொத்த மாற்றக் கணக்கையும் கிட்டே நிரப்பித் தரும். காலியிடத்தை நிரப்பிவிட்டு சென்ட்-இமெயில் கட்டளையால் அனுப்ப வேண்டும். தலைப்பை நிரப்ப மறந்தால் அனுப்ப மாட்டேன் என்று கிட் மறுக்கும். என்னைப் பல தடவை காப்பாற்றிய மறுப்பு அது.

வேறெதையும் நிறுவ வேண்டாம், எல்லாத் திட்டத்துக்கும் பொருந்தும், என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். முதன்முதலாகப் பழகுகிறவர் ஒரு தடவையாவது இந்த வழியில் அனுப்பிப் பார்ப்பது நல்லது. ஆனால் கடிதம் எங்கே வசிக்கிறது? வேலைக் கோப்புறையில், கிட்டின் கணக்கில் சேராத ஒரு அநாதைக் கோப்பாக. வி2 தயாரித்தால் புதிய கோப்பு மறுபடியும் காலியிடங்களோடு வரும். பழையதைத் திறந்து, வெட்டி ஒட்ட வேண்டும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தது ஞாபகம் இருக்கும். நான் அப்போது ஹட்டனுக்குப் பக்கத்தில் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். ஐந்து பேட்ச் கொண்ட ஒரு தொடருக்கு நல்ல கடிதமாக எழுதி அனுப்பியிருந்தேன். பதில் வந்தது, இரண்டைத் திருத்தச் சொன்னார்கள். கரண்ட் வந்த சின்ன இடைவெளியில் அவசர அவசரமாகத் திருத்தி, கோப்புறையைத் துப்புரவாக்கலாம் என்று கிட் கிளீன் கட்டளையை அடித்தேன். கணக்கில் இல்லாத கோப்பையெல்லாம் அது கூட்டித் தள்ளியது, கடிதத்தையும் சேர்த்து. அனுப்பிய மெயிலில் பிரதி இருந்தது என்பது வாஸ்தவம். அதைப் போய் எடுப்பதற்குள் கரண்ட் மறுபடி போய்விட்டது. கடைசியில் வி2வின் கடிதத்தை ஃபோன் வெளிச்சத்தில் நினைவிலிருந்து எழுதினேன். முதல் கடிதத்தில் தெளிவாக இருந்த காரணம் இரண்டாவதில் பாதிதான் வந்தது. அதே கேள்வியை இன்னொருவர் திரும்பக் கேட்டார். முழுக்க முழுக்க என் தவறுதான், ஆனால் அன்றிலிருந்து அந்தக் கோப்பை நம்புவதில்லை.

சென்ட்-இமெயில் கட்டளையிலேயே கம்போஸ் என்று ஒரு விருப்பம் உண்டு. அனுப்பும்போது ஒரு எடிட்டரைத் திறந்து முன்னுரை எழுதச் சொல்லும். எழுதியது மெயிலோடு போய்விடும், நம்மிடம் எதுவும் மிஞ்சாது. மேலே சொன்ன கோப்பே பரவாயில்லை என்று தோன்ற வைப்பதற்கு மட்டும் இது பயன்படும்.

கிளையின் விவரணம்

கிட்டில் ஒவ்வொரு கிளைக்கும், அதாவது தனியாகப் பிரித்துச் செய்யும் கமிட் வரிசைக்கும், ஒரு விவரணம் எழுதி வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. கிட் பிராஞ்ச் கட்டளையோடு எடிட்-டிஸ்கிரிப்ஷன் என்று கொடுத்தால் எடிட்டர் திறக்கும். அங்கே எழுதுவதை ஃபார்மட்-பேட்ச் எடுத்துக் கவர் லெட்டரில் போட்டுக்கொள்ளும். இயல்பாக அது கடிதத்தின் உடலில் மட்டும் போகும், தலைப்பு காலியாகவே நிற்கும். முதல் பத்தியைத் தலைப்பாக்கிக்கொள் என்று அமைப்பில் சொல்லி வைத்தால் தலைப்பும் வந்துவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட பேட்ச் இருந்தால் தானாகவே கவர் லெட்டர் போடு என்றும் அமைக்கலாம்.

இதை நான் இரண்டு வருடம் பயன்படுத்தினேன், பிடித்திருந்தது. வி2 தயாரிக்கும்போது கடிதம் தயாராக நிற்கும், ரீபேஸ் செய்தாலும் அசையாது. இதன் ஓட்டை வேறு இடத்தில். விவரணம் உங்கள் கணினியில் திட்டத்தின் கோப்புகளும் வரலாறும் இருக்கும் களஞ்சியத்தின் கிட் அமைப்புக் கோப்புக்குள்தான் வசிக்கிறது. கிளையை வேறொரு சேவையகத்துக்குத் தள்ளினால் கமிட்டுகள் போகும், விவரணம் போகாது. லெப்டொப் உங்களுடையது மட்டும்தான், அது பழுதாகாது என்றால் கவலையில்லை. தங்கச்சி பாதி வேலையைக் கெம்பஸ் ஆய்வுகூடத்துக் கணினியிலும் மீதியை விடுதியில் கடன் வாங்கிய லெப்டொப்பிலும் செய்கிறவள். அவளுக்கு இது பாதிக் கடிதத்தை பண்டாரவளையில் வைத்துவிட்டுப் பதுளைக்கு பஸ் ஏறிய கதை ஆகும்.

இதற்கு ஒரு ஒட்டு உண்டு. புதிய கிட் பதிப்புகளில், விவரணத்தை இன்ன கோப்பிலிருந்து எடுத்துக்கொள் என்று ஃபார்மட்-பேட்சிடம் சொல்லலாம். கடிதத்தை ஒரு சாதாரண உரைக்கோப்பாக உங்கள் குறிப்புகளுக்கான தனிக் களஞ்சியத்தில் வைத்து, அதையும் தள்ளிக்கொண்டிருந்தால் எந்தக் கணினியிலும் கிடைக்கும். கருவி எதையும் புதிதாகக் கற்க மனமில்லாதவருக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

பி4

கர்னல் ஆட்களுக்காகவே எழுதப்பட்ட பைத்தன் கருவி பி4. பேட்ச் தயாரித்து அனுப்பும் வசதி அதில் 2022இல் சேர்ந்தது. பி4 பிரெப் என்று புதிய கிளையைத் தொடங்கினால், அந்தக் கிளையின் அடியில் மாற்றம் எதுவும் இல்லாத ஒரு வெற்றுக் கமிட்டை அது போடும். அந்தக் கமிட்டின் செய்திதான் கவர் லெட்டர். எடிட்-கவர் என்றால் திறந்து எழுதலாம்.

இதில் உள்ள புத்திசாலித்தனம் எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது. கடிதம் கமிட்டாக இருப்பதால் கிளையைத் தள்ளும்போது கடிதமும் போகிறது. வேறு கணினியில் இழுத்தால் கடிதமும் வருகிறது. பழைய வடிவம் வேண்டுமென்றால் கிட்டின் பதிவில் தேடலாம். கிட் கிளீன் அதைத் தொடாது.

வேலை அதோடு முடிவதில்லை. யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதைப் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து அதுவே எடுத்துச் சேர்க்கும். அனுப்பி முடித்ததும் போன வடிவத்துக்கு ஒரு அடையாளம் குத்தி வைத்துவிட்டு, கிளையை வி2 என்று உயர்த்தி, கடிதத்தில் 'வி2இல் மாறியவை' என்ற தலைப்பையும் முந்தைய தொடருக்கான இணைப்பையும் தானே சேர்க்கும். பரிசீலித்தவர்கள் தந்த ஒப்புதல் வரிகளை இழுத்து வந்து உரிய கமிட்டுகளில் ஒட்டும். தொடரில் ஒரே பேட்ச்தான் என்றால், தனிக் கடிதம் அனுப்பாமல் அதை மூன்று கோட்டுக்குக் கீழே வைத்துவிடும். அதாவது முதல் வழியும் இதற்குள் அடக்கம்.

நம்மவர்களுக்கு இன்னொரு வசதி முக்கியம். சென்ட்-இமெயில் வேலை செய்ய, மெயிலை வெளியே அனுப்பும் எஸ்எம்டிபி சேவை வேண்டும். ஜிமெயில் என்றால் 2022 மே மாதத்துக்குப் பிறகு சாதாரணக் கடவுச்சொல் எடுபடாது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் ஒன்று வாங்க வேண்டும். அதையும் செய்தாள் தங்கச்சி. மெயில் போகவில்லை. அவள் இருந்த வலையமைப்பில் மெயில் வெளியே போகும் வாசலான 587ஆம் போர்ட் மூடியிருந்தது. ஃபோன் டேட்டாவில் முயலலாம் என்றால் விடுதியில் சிக்னல் ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான். பி4இல் இதற்கு மாற்று உண்டு. கர்னல் திட்டங்களுக்கு, மெயில் சேவையகமே இல்லாமல், சாதாரண இணையத் தொடர்பு வழியாகவே தொடரை ஒப்படைக்கலாம். முன்கூட்டியே ஒரு சாவியை உருவாக்கி, மின்னஞ்சலுக்கு வரும் சரிபார்ப்பை முடிக்க வேண்டும். பத்து நிமிட வேலை.

குறையும் சொல்ல வேண்டும். இது கர்னலை மனதில் வைத்துச் செய்த கருவி. வேறு திட்டத்துக்குப் பயன்படுத்த முடியும், ஆனால் அந்த ஒப்படைப்பு வசதி போன்றவை அப்படியே கிடைக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது. இன்னொன்று, அந்த வெற்றுக் கமிட்டைப் பார்த்துப் புதியவர்கள் மிரளுவார்கள். 'இது என்ன குப்பை' என்று ரீபேஸின்போது அழித்துவிட்டு வந்து கடிதத்தைக் காணோம் என்று என்னிடம் கேட்டவர் உண்டு.

கிட்டுக்கே பேட்ச் அனுப்பப் போகிறவர் என்றால் கதை வேறு. அதற்கென்று கிட்கிட்கேட்ஜெட் என்ற பாலம் இருக்கிறது. குறியீடு பகிரும் கிட்ஹப் தளத்தில், என் மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கும் இழுப்புக் கோரிக்கை திறந்தால் அதன் விளக்கமே கவர் லெட்டராகிறது. சப்மிட் என்று ஒரு கட்டளையைக் கருத்தாக இட்டால் மெயிலாகப் போகும். முதல் தடவை வருகிறவருக்கு ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒருவர் அனுமதி தரவேண்டும். மெயிலில் வரும் பதில்கள் கிட்ஹப்பில் தெரியும். ஆனால் நீங்கள் கிட்ஹப்பில் எழுதும் பதில் மெயிலுக்குப் போகாது. இது தெரியாமல் அங்கேயே பதில் எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள் பாவம்.

மதிப்புக்குரிய ஐயா

எதில் எழுதுவது என்று தீர்ந்தது. தங்கச்சிக்கு பி4. ஆனால் அவள் எழுதிக் காட்டிய முதல் கடிதத்தைப் பார்த்ததும்தான் நான் தப்பான இடத்தில் நேரம் செலவழித்துவிட்டேன் என்று தெரிந்தது.

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகவேண்டும், அதில் வழியில்லை. நாமோ பள்ளிக்கூடத்தில் கடிதம் என்றால் விண்ணப்பக் கடிதம்தான் பழகினோம். 'மதிப்புக்குரிய ஐயா, நான் இன்ன பல்கலைக்கழகத்தில் இன்ன ஆண்டு மாணவி, இத்துடன் இணைத்துள்ள நான்கு பேட்சுகளையும் தயவுகூர்ந்து பரிசீலித்து ஏற்றுக்கொள்ளுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அவள் எழுதியதன் சாரம் இதுதான், ஆறு வரி. தோட்டத் துரைக்கு லீவு மனு எழுதிய தாத்தாவின் கை இன்னும் நம் கையில் இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஆறு வரியில் டிரைவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை எடு என்றேன். அடுத்து வந்தது இரண்டு பக்கம்: தேயிலை வாட்டத்தின் முக்கியத்துவம், ஈரப்பதனின் கோட்பாடு, செயற்றிட்ட அறிக்கையின் முன்னுரை அப்படியே. அதையும் எடு என்றேன். கோபித்துக்கொண்டாள்.

மூன்றாவது முறை நான் கேள்வி மட்டும் கேட்டேன். என்ன கெட்டிருக்கிறது? யாருக்குத் தெரியும்? நீ என்ன செய்தாய்? எந்த பேட்ச் என்ன செய்கிறது? எதில் சோதித்தாய்? அவள் வாயால் சொன்னதை அப்படியே எழுதினோம். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

'சென்சார் பதில் தராதபோது இந்த டிரைவர் பிழை எதுவும் சொல்லாமல், கடைசியாகக் கிடைத்த அளவையே புதிய அளவு போலத் திருப்பித் தருகிறது. ஈரம் மிகுந்த கட்டடத்தில் தொடர்ந்து ஓடவிட்டபோது, ஒரு மணி நேரம்வரை மாறாத எண் வந்ததில் இது தெரிந்தது. பேட்ச் 1, 2 நடத்தையை மாற்றாத துப்புரவு. பேட்ச் 3 பிழையைத் திருப்பித் தருகிறது. பேட்ச் 4 ஆவணத்தைத் திருத்துகிறது. ராஸ்பெரி பை 4இல், இரண்டு சென்சார்களோடு சோதித்தது.'

இதை எழுதி முடித்ததும் அவளே நிறுத்தினாள். "அண்ணே, திருத்தம் ஏன் மூணாவதா இருக்கு?" கேட்க வேண்டிய கேள்வி. பிழைத் திருத்தங்களைப் பழைய நிலையான கர்னல் பதிப்புகளுக்கும் கொண்டுபோவார்கள். துப்புரவுக்குப் பின்னால் அது நின்றால், திருத்தத்தை எடுக்கத் துப்புரவையும் சுமக்க வேண்டியிருக்கும். திருத்தம் முதலில் வரவேண்டும், எந்தப் பழைய கமிட் இந்தப் பிழையைக் கொண்டுவந்தது என்ற குறிப்போடு. அன்று இரவு வரிசையை மாற்றினாள். குறியீட்டை எத்தனை தடவை பார்த்தும் தெரியாத தப்பு, கடிதத்தில் 'பேட்ச் 3' என்று எழுதியபோது தெரிந்தது.

நீளத்தைப் பற்றி இன்னொன்று. பெரும்பாலான திட்டங்களில் கவர் லெட்டர் கிட்டின் வரலாற்றில் சேராது. மெயில் காப்பகத்தில் மட்டும் இருக்கும். கர்னலின் நெட்வொர்க் பிரிவு இதற்கு விலக்கு. தொடரை இணைக்கும் கமிட்டின் செய்தியாக அங்கே கடிதம் வரலாற்றுக்குள் போகிறது. மற்ற இடங்களில், பத்து வருடம் கழித்து ஒருவர் அந்த வரியைப் பார்த்து ஏன் இப்படி என்று தேடினால் கிடைப்பது கமிட் செய்தி மட்டும்தான். ஆகவே 'ஏன்' என்பதைக் கடிதத்தில் மட்டும் வைத்துவிட்டுக் கமிட்டில் 'பிழை திருத்தம்' என்று எழுதுவது தப்பு. கொஞ்சம் திரும்பச் சொன்னாலும் பரவாயில்லை.

ஆங்கிலத்தைச் சரிபார்க்கச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுக்கலாமா என்று கேட்டாள். மொழியைப் பார்ப்பது ஒன்று, எழுதச் சொல்வது வேறு. அது எழுதித் தரும் கடிதம் பெரும்பாலும் அவளுடைய இரண்டாவது கடிதத்தைப் போலத்தான் இருக்கும், வழவழவென்று இரண்டு பக்கம். தவிர, செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய பங்களிப்புகளை ஏற்பதில்லை என்று க்யூஎமு 2025இல் விதியே போட்டுவிட்டது. அனுப்பப்போகும் திட்டத்தின் விதியை முதலில் படி என்றேன். குறையுள்ள ஆங்கிலத்தில் எழுதிய ஐந்து வரியை யாரும் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை.

அனுப்புவதற்கு முன் ரிஃப்ளெக்ட் என்ற விருப்பத்தோடு பி4ஐ ஓட்டினாள். தொடர் முழுவதும் வெளியே போகாமல் அவளுக்கே மட்டும் வரும். வந்த மெயிலைப் பார்த்தால் பெயர் இரண்டு விதமாக இருந்தது. அனுப்புநர் இடத்தில் அவள் பெயருக்குப் பின்னால் சித்தப்பா பெயர் முழுதாக. பேட்சின் கடைசியில் கையொப்ப வரியில் சித்தப்பாவின் முதலெழுத்து முன்னால். நமக்கு இரண்டும் ஒரே ஆள். கர்னலின் சரிபார்ப்புக் கருவிக்கு இருவர், எச்சரிக்கை தரும். அடையாள அட்டையில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று என்று ஒவ்வொரு ஒஃபிசாக அலைந்த குடும்பம் எங்களுடையது. இதையாவது ஒரே கட்டளையில் திருத்த முடிந்ததே என்று சிரித்தாள்.

பதில் ஒன்பதாவது நாள் வந்தது. ஆவணத் திருத்தத்தைத் தனியாக அனுப்பு, மற்ற மூன்றும் சரி என்று. எடிட்-கவர் அடித்தாள். பழைய கடிதம் அப்படியே இருந்தது, அதன் கீழே 'வி2இல் மாறியவை' என்ற தலைப்பும் நிரப்ப வேண்டிய இடமும். "பேட்ச் 4 நீக்கப்பட்டது, தனியாக அனுப்பப்படும்" என்று எழுதினாள். பிறகு கடிதத்தின் உடலில் இருந்த பேட்ச் 4 பற்றிய வரியையும் தேடிப்போய் அழித்தாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.